ஆபா எண் வாங்கியாச்சு, அப்புறம்? ஆன்லைன் மருத்துவப் பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு போடும் இடத்திலோ, ஊரில் நடந்த முகாமிலோ, பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரிலோ யாராவது ஆதாரை வாங்கி, ஓடிபி கேட்டு, 14 இலக்க ஆபா எண் (ஆயுஷ்மான் பாரத் ஹெல்த் அக்கவுன்ட்) ஒன்றை எடுத்துக் கொடுத்திருப்பார்கள். அந்த அட்டையை லேமினேட் செய்து பர்ஸில் வைத்துக்கொள்வதோடு பலருக்கும் கதை முடிந்துவிடுகிறது. அந்த எண்ணுக்குள் உங்கள் சுகர் அளவும் இல்லை, போன வருஷம் எடுத்த ஸ்கேனும் இல்லை. நீங்கள் யார் என்று மருத்துவமனைகளின் கணினிக்குச் சொல்லும் அடையாளம் அது, அவ்வளவுதான். பதிவேடு என்பது அதற்கு மேல் நாம் சேர்த்து, சரிபார்த்து, பராமரிக்க வேண்டிய ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தெருமுனை கிளினிக்கிலோ டாக்டர் முன்னால் உட்காரும்போது அது உதவுமா, உதவாதா என்பது நம் கையில்தான் நிறைய இருக்கிறது.

முதல் குழப்பம் அட்டைகளில் ஆரம்பிக்கிறது. 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் பிரதமரின் ஜன் ஆரோக்கிய யோஜனா ஒரு காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சைக்கு. தமிழ்நாட்டில் இது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. ஆபா வேறு. 2020-இல் புதுச்சேரி உட்பட ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனை பார்த்து, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுக்க கொண்டுவந்த டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தின் கணக்கு எண் அது. ஒரு ரூபாய்கூட சிகிச்சைச் செலவு அதில் கிடைக்காது. இரண்டு பெயரிலும் ஆயுஷ்மான் என்ற சொல் இருப்பதால் ஆபா அட்டையைக் காட்டி ஆபரேஷனுக்குச் சேர்ந்துவிடலாம் என்று நம்பிப் போய், கவுன்டரில் நின்றபிறகு பணத்துக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, கர்ப்பிணிகளுக்குப் பிக்மி என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்து தரும் 12 இலக்க ஆர்சிஎச் எண். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பது அந்த எண்ணைத்தான். மூன்றும் மூன்று வேலைக்கு, ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். ஆபா எடுப்பது உங்கள் விருப்பம், கட்டாயம் கிடையாது. எடுத்ததை முடக்கவோ நீக்கவோகூட வழி இருக்கிறது.

எண் எடுத்தவுடன் பழைய ரிப்போர்ட்டெல்லாம் தானாக வந்து விழும் என்று எதிர்பார்ப்பது அடுத்த தவறு. டெல்லியில் ஒரு பெரிய கணினியில் எல்லார் பதிவும் குவிந்து கிடப்பதாக ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது, ஏற்பாடு அப்படி இல்லை. எந்த மருத்துவமனை, எந்த லேப் ரிப்போர்ட்டை உண்டாக்கியதோ அது அங்கேயேதான் இருக்கும். அந்த இடம் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்து, நீங்களும் அந்தப் பதிவை உங்கள் கணக்கோடு இணைத்திருந்தால் மட்டும்தான் போனில் இருக்கும் ஆபா ஆப்பில் தெரியும். லெட்டர்பேடில் கையால் எழுதிக் கொடுக்கிற டாக்டரின் சீட்டு எங்கேயும் வராது. அதனால் ஓபி சீட்டு போடும்போதே ஆபா முகவரியைச் சொல்லுங்கள், இல்லையென்றால் அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள். முகவரி என்பது மெயில் ஐடி மாதிரி @ போட்டு முடிவது. ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேல் முகவரி உண்டாக்க முடியும் என்பதால், முகாமில் ஒன்று, மகன் போனில் ஒன்று என்று இருந்துவிட்டால் ஒன்றில் இணைத்த பதிவை இன்னொன்றில் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதை எழுதி வையுங்கள்.

பழைய மருத்துவமனைப் பதிவைத் தேடி இணைக்கும்போது பெயர், பாலினம், பிறந்த வருஷம், மொபைல் எண் இவற்றை வைத்துத்தான் பொருத்திப் பார்க்கிறார்கள். நம் ஊரில் இது லேசுப்பட்ட விஷயம் இல்லை. ஆதாரில் முருகன் சுப்பிரமணியன், ஆஸ்பத்திரியில் எஸ். முருகன், லேப் பில்லில் வெறும் முருகன், வயசு வாய்க்கு வந்தபடி 58. போதாததற்கு அப்போது கொடுத்த சிம் கார்டு இப்போது கையில் இருக்காது. பதிவு கிடைக்கவில்லை என்று வந்தால் ஆப்பைத் திட்டிப் பயனில்லை, அந்த மருத்துவமனைக்குப் போய்ப் பெயரையும் போன் எண்ணையும் ஆதாரில் உள்ளபடி திருத்தச் சொல்லுங்கள். அடுத்த முறையிலிருந்து எங்கே போனாலும் இனிஷியல் எந்தப் பக்கம் வருகிறது என்பது உட்பட ஒரே மாதிரி சொல்லுங்கள்.

இணைக்க முடியாத தாள்களை நாமே போட்டோ எடுத்து ஏற்றலாம். மஞ்சப்பையில் இருபது வருஷமாகச் சேர்ந்ததையெல்லாம் ஒரே ராத்திரியில் ஏற்றிவிடுவது உழைப்பு மாதிரித் தெரியும், டாக்டருக்கு அது தொல்லை. கூட்டம் நெரிகிற ஓபியில் அவருக்கு ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிஷம். அதில் 2009-இல் வந்த காய்ச்சல் ரிப்போர்ட்டைத் தள்ளிக்கொண்டே போக முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் விவரம், பயாப்ஸி, எக்கோ, ஸ்கேனின் எழுத்து ரிப்போர்ட், கடைசி ஒரு வருஷ ரத்தப் பரிசோதனை, ஒவ்வாமை பற்றி எழுதியிருக்கும் எதுவும், இவை முதலில் போதும். பெயரும் தேதியும் படத்தில் விழவேண்டும், இரண்டாம் பக்கத்தை விடக்கூடாது, கோப்புக்குத் தேதியோடு பெயர் வையுங்கள். ஈசிஜி தெர்மல் தாளில் வந்தால் அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள், வெயிலும் நாளும் பட்டு அந்தத் தாள் வெளுத்துப்போகும். பழைய ஈசிஜி இருந்தால்தான் நெஞ்சுவலி என்று ஓடும்போது எது புதிய மாற்றம் என்று டாக்டர் ஒப்பிட முடியும்.

இப்போது மாத்திரை விஷயம். எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு இங்கேதான் நடக்கிறது. ஆப்பில் ஏழு மருந்துச் சீட்டு இருக்கும், ஏழும் உண்மையானவை, ஆனால் இன்றைக்கு நீங்கள் விழுங்குவது எவை என்று அந்த ஏழும் சேர்ந்து சொல்லாது. எந்த மாத்திரையை எந்த டாக்டர் நிறுத்தினார், எதை நீங்களே தலைசுற்றுகிறது என்று விட்டீர்கள், எதை மருந்துக் கடையில் வேறு கம்பெனி மாத்திரையாக மாற்றித் தந்தார்கள் என்பதெல்லாம் எந்தச் சீட்டிலும் ஏறாது. தமிழ்நாட்டில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அதே ஆள் தனியார் டாக்டரிடமும் போய்க்கொண்டிருப்பார். அரசு தரும் மாத்திரையில் மெட்ஃபார்மின் என்று மருந்தின் பெயரே இருக்கும். தனியாரில் எழுதிய மாத்திரை ஏதோ ஒரு பிராண்டு பெயரில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்ததாக இருக்கும். பெயர் வேறு, நிறம் வேறு என்று இரண்டையும் போடுகிறார்கள். மெட்ஃபார்மின் இரட்டிப்பாகிறது, வயிறு கெடுகிறது. சிறுநீரகம் பலவீனமாக இருப்பவருக்கு அதைவிட மோசமாகலாம். பிரஷர் மருந்தான அம்லோடிபின் இப்படி இரண்டு பெயரில் உள்ளே போனால் கால் வீங்கும், அதைப் பார்த்து வீக்கத்துக்கு என்று இன்னொரு மாத்திரை எழுதி வாங்கி வருவார்கள்.

இதற்கு வழி சாதாரணமானது. ஒரு தாளில், இன்றைய தேதி போட்டு, நிஜமாகச் சாப்பிடுகிற மாத்திரைகளை மட்டும் எழுதுங்கள்: அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர், மில்லிகிராம், வேளை, எதற்காக. நிறுத்தியதைக் கீழே தனியாக, யார் எப்போது ஏன் நிறுத்தினார் என்று. ஒத்துக்கொள்ளாத மருந்தைத் தாளின் தலையில், என்ன ஆனது என்பதோடு. பெனிசிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்ததா, வெறும் வாந்தியா என்பது டாக்டருக்கு இரண்டு வேறு செய்திகள். சித்த மருந்து, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை இவற்றையும் சேருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தத் தாளைப் படமெடுத்து ஏற்றுங்கள், மாத்திரை மாறும்போதெல்லாம் புதிதாக எழுதிப் பழையதை நீக்குங்கள். இந்த ஒரு தாள் சரியாக இருந்தால் மீதிப் பதிவு பாதி இருந்தாலும் பரவாயில்லை என்றுகூடச் சொல்வேன்.

சரி, ரிப்போர்ட் ஏற்றியாயிற்று. டாக்டர் பார்த்துவிடுவார் என்று காத்திருக்காதீர்கள். ஆப்பில் ஏற்றியதை யாரும் உட்கார்ந்து கண்காணிப்பதில்லை. நீங்கள் நேரில் போய், அல்லது இசஞ்சீவனி மாதிரி தொலைமருத்துவத்தில் பேசி, இதைப் பாருங்கள் என்று காட்டினால்தான் அது டாக்டரின் கண்ணில் படும். நெஞ்சு அழுத்தம், மூச்சுத்திணறல், கைகால் ஒரு பக்கம் இழுப்பது என்றால் ஆப்பைத் திறக்கும் நேரம் அது இல்லை, 108-ஐ அழையுங்கள்.

நாமே ரிப்போர்ட்டைப் படிப்பதில் தவறில்லை, படிக்கத்தான் வேண்டும். சிவப்பில் இருப்பதை மட்டும் பார்ப்பதுதான் பிரச்சினை. லேப் போடும் அளவுகோல் பொதுவானது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11.2 வந்தால் பொதுவான அளவை வைத்துக் குறைவு என்று அடையாளம் போட்டிருப்பார்கள், கர்ப்பகாலத்துக்கு ரத்தசோகை என்று பொதுவாகக் கணக்கிடுவது 11-க்குக் கீழே போனால். மாறாக, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.7-இலிருந்து 1.2 ஆகியிருக்கும், இரண்டும் பல லேப்களில் நார்மல் வரம்புக்குள்தான், எந்தச் சிவப்பும் இருக்காது, ஆனால் சுகர்காரர் ஒருவருக்கு அந்த ஏற்றத்தை டாக்டரிடம் கேட்டே ஆகவேண்டும். பழைய ரிப்போர்ட்டைச் சேர்த்து வைப்பதன் பலனே இந்த ஒப்பீடுதான். முடிந்தால் ஒரே லேபில் எடுங்கள், வெறும் வயிற்றில் எடுத்ததா சாப்பிட்ட பிறகா என்பதைக் குறித்து வையுங்கள். எண்ணைப் பார்த்துவிட்டு மாத்திரையை நீங்களே கூட்டிக் குறைக்காதீர்கள்.

அனுமதி கேட்டு வரும் செய்தியைப் படிக்காமல் சம்மதம் அழுத்துவது இன்னொன்று. ஓபியில் க்யூஆர் ஸ்கேன் செய்யும்போது போவது பெயர், வயது, முகவரி, போன் எண் போன்றவைதான், நோய் விவரம் போகாது, அதற்குப் பயப்பட வேண்டாம். பதிவைப் பார்க்க ஒரு டாக்டரோ மருத்துவமனையோ அனுமதி கேட்பது தனிச் செய்தியாக வரும். அதில் எந்த வகைப் பதிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அனுமதி எப்போது முடிகிறது என்பதெல்லாம் இருக்கும். கண் டாக்டருக்கு மனநல மருத்துவரின் சீட்டு தேவையில்லை என்று நினைத்தால் அதை விட்டுவிட்டுக் கொடுக்கலாம், கொடுத்த பிறகும் திரும்பப் பெறலாம். போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். ஏமாந்து பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

வீட்டுக்கு ஒரே போன் இருக்கும் இடத்தில் இன்னும் நிதானம் வேண்டும். மகனின் எண்ணில் அம்மா, அப்பா, மருமகள் எல்லாருடைய கணக்கும் இருந்தால், மருமகள் எடுத்த கர்ப்பப் பரிசோதனை யார் கண்ணில் முதலில் படும்? எச்ஐவி நிலையை ஒருவரின் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017-இன் சட்டமே சொல்கிறது, வீட்டு போனுக்கு அந்தச் சட்டம் தெரியாது. தனி எண் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் வைத்துக்கொள்ளுங்கள், முடியாதவர்கள் அப்படிப்பட்ட ரிப்போர்ட்டை ஆப்பில் ஏற்றாமல் தாளாகவே பத்திரப்படுத்தலாம், அதில் குறை ஒன்றுமில்லை. பிள்ளைகள் பெற்றோருக்காகக் கணக்கைப் பார்த்துக்கொண்டால், டாக்டரிடம் எதைக் காட்டலாம் என்று ஒருமுறை பெற்றோரிடமே கேளுங்கள். பிரவுசிங் சென்டரில் அட்டையை இறக்கினால் பிரிண்ட் எடுத்த கையோடு அந்தக் கோப்பை டவுன்லோடில் இருந்து அழிக்கச் சொல்லி, கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டு எழுந்திருங்கள்.

ஏதாவது தவறாக ஏறியிருந்தால், அதாவது உங்கள் கணக்கில் வேறொருவருடைய ரத்தப் பிரிவு, இல்லாத சுகர், ஆணுக்குக் கர்ப்பப்பை ஸ்கேன் என்று வந்திருந்தால், அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடாதீர்கள். லேப் தந்த பதிவை ஆப்பில் நீங்கள் திருத்த முடியாது. அதை உண்டாக்கிய லேபுக்கோ மருத்துவமனைக்கோ அசல் தாளோடு போய், திருத்திய ரிப்போர்ட்டை எழுத்தில் வாங்கி, அது ஏறியிருக்கிறதா என்று போனில் பார்த்துவிட்டு வாருங்கள். அதுவரை அந்தப் பதிவை யாருக்கும் அனுமதித்து அனுப்பாதீர்கள், போகிற டாக்டரிடமும் இது என்னுடையது இல்லை என்று வாயால் சொல்லிவிடுங்கள்.