விபத்தில் காயமா? ஆஸ்பத்திரி பில்லோடு நின்றுவிடாதீர்கள்: நஷ்ட ஈட்டில் என்னென்ன கேட்கலாம்

சாலை விபத்தில் அடிபட்டவர்கள் பலர் மருந்து பில்லையும் ஆஸ்பத்திரி பில்லையும் கட்டாகக் கட்டி வக்கீலிடம் கொடுத்துவிட்டு, இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகிறார்கள். பில் முக்கியம்தான். ஆனால் நிரந்தர ஊனம் ஏற்பட்ட வழக்குகளில் பெரும்பாலும் பெரிய தொகை வருவது பில்லில் இருந்து அல்ல, இனிமேல் சம்பாதிக்க முடியாமல் போகிற வருமானத்தில் இருந்துதான். அதை நிரூபிக்கும் வேலை பாதி உங்களுடையது.

காயத்துக்கு எந்தெந்தத் தலைப்பில் இழப்பீடு கணக்கிடுவது என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முதலில் பணச் செலவு: சிகிச்சை, மருந்து, ஆட்டோ, ஆம்புலன்ஸ், சத்தான உணவு. படுத்திருந்த மாதங்களின் சம்பளமும் இதோடு சேரும். அதற்கு லீவ் ரெக்கார்டும் சம்பளச் சான்றும் வாங்கி வையுங்கள். கூட இருந்து கவனித்துக்கொண்டவருக்கான செலவையும் கேட்கலாம், அது வீட்டு ஆளாகவே இருந்தாலும் சரி.

அடுத்து ஊனம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சான்றிதழில் '45 சதவீதம்' என்று இருந்தால் அது காலுக்கா முழு உடம்புக்கா என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் ஒரு காலுக்கு 45 என்பது முழு உடம்புக்கு 45 ஆகாது. அப்புறம், நீதிமன்றம் கடைசியில் எடுத்துக்கொள்வது அந்த எண்ணையும் அல்ல, உங்கள் வேலையில் எவ்வளவு வருமானம் போயிற்று என்பதைத்தான். இடது கையை இழந்த டிரைவருக்கோ தச்சருக்கோ சம்பாதிக்கும் திறன் கிட்டத்தட்ட முழுதாகவே போய்விடும், அதே கையை இழந்த அரசு அலுவலக கிளார்க்குக்கு வேலை நிலைக்கலாம், சம்பளமும் குறையாமல் இருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பே உதாரணம் காட்டுகிறது. அதனால் ஊனத்தைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல் எந்த வேலை செய்தீர்கள், அதில் இப்போது எதைச் செய்ய முடியவில்லை (ஏணியில் ஏற முடியவில்லையா, கிளட்ச் மிதிக்க முடியவில்லையா) என்று சாட்சியத்தில் தெளிவாக வர வேண்டும். சிகிச்சை பார்த்த டாக்டரை சாட்சிக்கு அழைப்பது பற்றியும் வக்கீலிடம் பேசுங்கள்.

கணக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். 32 வயது, சொந்தமாக எலக்ட்ரீஷியன் வேலை, மாதம் 20,000 ரூபாய், அதாவது வருடத்துக்கு 2,40,000. சொந்தத் தொழில் செய்பவர், வயது 40-க்குள் என்றால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்ட வேண்டும், 3,36,000 ஆகிறது. வருமான இழப்பு 30 சதவீதம் என்று முடிவானால் வருடத்துக்கு 1,00,800. அதை வயதுக்கு உரிய பெருக்கு எண்ணால், 31 முதல் 35 வயதுக்கு 16-ஆல், பெருக்கினால் 16,12,800 ரூபாய். இழப்பு 60 சதவீதம் என்று நிரூபித்தால் இதே தொகை 32,25,600! அந்த ஒரு எண்ணுக்காக மெனக்கெடுவதில் தப்பே இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு வருமானம் கிடையாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அவர்களுடைய உழைப்புக்கும் நீதிமன்றம் மதிப்புப் போட்டுத்தான் கணக்கிடுகிறது.

எதிர்காலச் சிகிச்சையை மறக்கவே கூடாது. காலில் வைத்த பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன், பிசியோதெரபி, சில வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய செயற்கைக் கால், எதுவானாலும் டாக்டரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி இப்போதே தாக்கல் செய்யுங்கள். தீர்ப்பு வந்தபின் செலவு கூடிவிட்டது என்று திரும்பப் போய்க் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தில் வழியில்லை.

பணத்தில் அளக்க முடியாத இழப்புகளும் உண்டு: வலி, வேதனை, நடக்கவோ விளையாடவோ முடியாமல் போனது, திருமண வாய்ப்பு பாதிக்கப்பட்டது, ஆயுள் குறைவது. இதற்கெல்லாம் சூத்திரம் கிடையாது, காயத்தின் தன்மையைப் பார்த்து நீதிபதி முடிவு செய்வார். எத்தனை ஆபரேஷன், எத்தனை நாள் உள்நோயாளி என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும், ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள்.

உங்கள் மேலும் தப்பு இருந்தது என்று இந்த வழக்கை விசாரிக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கண்டால் அந்தப் பங்கைக் கழித்துவிடும், எனவே எஃப்.ஐ.ஆரில் விபத்து நடந்த விதம் சரியாக இருக்கிறதா என்று ஆரம்பத்திலேயே படித்துப் பாருங்கள். சிகிச்சை முடியும் முன்னால் சமரசம் என்று யார் காகிதம் நீட்டினாலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தில் 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள திருத்தம். தாண்டிவிட்டாலும் நீங்களாகவே கைவிட்டுவிடாமல் வக்கீலிடம் கேளுங்கள். விபத்து வேறு ஊரில் நடந்திருந்தால் அங்கே அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கு உரிய தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யலாம்.