இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்களைச் சமன்செய்த அனுபவம்

இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான என் 1967ஆம் ஆண்டு எம்ஜிபி காரின் 1798 சிசி எஞ்சின், நன்கு சூடேறிய பிறகும் ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில்) நிலைகொள்ளாமல் ஏறியிறங்கிக்கொண்டே இருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர்கள் இதில் இரண்டு, எஸ்.யூ. என்ற பிராண்டைச் சேர்ந்தவை. அவற்றில் கைவைக்கும் முன் வால்வு இடைவெளி, பிளக், இக்னிஷன் டைமிங் மூன்றையும் சரிபார்த்துவிட வேண்டும். அவை ஒழுங்காகவே இருந்தன. காற்றின் வரத்தைக் கட்டுப்படுத்தும் தகடு பொருந்தியிருக்கும் த்ராட்டில் தண்டை ஆட்டிப் பார்த்தபோது பின்பக்கக் கார்புரேட்டரில் அது தேய்ந்து தளர்ந்திருந்தது. அந்த இடுக்கின் வழியே நுழையும் காற்று கலவையைக் கெடுத்துவிடுவதால், திருகுகளை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. எனவே தண்டையும் அதைத் தாங்கும் புஷ்ஷையும் மாற்றினேன்.

பிறகு இரண்டு கார்புரேட்டர்களையும் இணைக்கும் கிளாம்ப்புகளைத் தளர்த்தி, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டரின் வாயிலும் மாறிமாறி வைத்து, காற்றின் சீறல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்வரை ஐடில் திருகுகளைச் சீராக்கினேன். இதற்கெனக் கருவிகள் விற்கின்றன என்றாலும், நான் காதையே அதிகம் நம்புகிறேன்.

கலவையைப் பொறுத்தவரை, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை (எஞ்சினின் பிஸ்டனை அல்ல) ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்தும்போது எஞ்சின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. சற்றே கூடி உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. பெட்ரோல் வரும் ஜெட்டை ஏற்றி இறக்கும் ஜெட் நட்டை ஒவ்வொரு முறையும் ஆறில் ஒரு சுற்று மட்டுமே திருப்பினேன். அதைக் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும்.