சத்தம் நின்றுவிட்டது என்று மகிழ வேண்டாம்: புதிய டர்போ கார்களில் எஞ்சின் சத்தம் தேடுவோர் செய்யும் தவறுகள்

ஆயில் அளவைப் பாருங்கள், கூலன்ட் இருக்கிறதா பாருங்கள், பானெட்டுக்குள் எலி புகுந்திருக்கிறதா பாருங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடலாம். நான் சொல்ல வருவது விஷயம் தெரிந்த பையன்களைப் பற்றி. ஐ.டி.ஐ. முடித்தவர்கள், காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் பிடிக்கத் தெரிந்தவர்கள், நல்ல பட்டறையில் கை பழகியவர்கள். ஒரு டர்போ கார் (புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ உள்ளது) கடகடவென்று உள்ளே நுழைந்ததும், கோவை கணபதிப் பகுதிப் பட்டறைகளில் எங்கள் தலைமுறை செய்த அதே காரியத்தை இவர்களும் செய்கிறார்கள். அன்று வந்த வண்டிகள் அதைத் தாங்கின. இன்று வருபவை தாங்குவதில்லை.

மோட்டார் கேட்ட காதை அப்படியே நம்புவது

கிணற்று மேட்டில் நின்றபடியே "பேரிங் போய்விட்டது" என்று சொல்லும் மாமா ஒருவராவது கொங்கு நாட்டில் எல்லா வீட்டிலும் இருப்பார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஏனென்றால் அந்த மோனோபிளாக் மோட்டார் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சுற்றும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு போல் (காந்த முனை) மோட்டார் என்றால் நிமிடத்துக்கு 2880 சுற்றை ஒட்டி, நான்கு போல் என்றால் 1440-ஐ ஒட்டி. சத்தம் மாறினால் மோட்டாரில் ஏதோ மாறியிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

கார் எஞ்சினில் அந்தத் துணிச்சல் உதவாது. சுற்று மாறும், சுமை மாறும், சூடு மாறும், கூடவே சத்தமும் மாறும். சில எஞ்சின்கள் வேண்டுமென்றே தம் குரலை மாற்றிக்கொள்ளும். வோக்ஸ்வாகன் விர்டஸ் ஜி.டி., டைகுன் ஜி.டி. கார்களில் உள்ள 1.5 லிட்டர் டி.எஸ்.ஐ. எஞ்சின், சுமை குறைவாக இருக்கும்போது நான்கு சிலிண்டர்களில் நடுவில் உள்ள இரண்டை ஓய்வில் விட்டுவிடும். நீலாம்பூர் பைபாஸில் சீராகப் போகும்போது ஒரு மெல்லிய உறுமல் எழும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மறையும். இதை அதிர்வு என்று நினைத்து எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கை மாற்றிய பையனை எனக்குத் தெரியும். புது மவுண்டிங்கோடும் அந்த உறுமல் கேட்கிறது.

ஆகவே காதை வைப்பதற்கு முன் வாயைத் திறக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருந்தபோதா, சூடான பிறகா? நிற்கும்போதா, இழுக்கும்போதா? சுற்று ஏறினால் சத்தமும் வேகமெடுக்கிறதா? வண்டிக்காரர் சொல்லும் பதிலை ஜாப் கார்டில் எழுதிவையுங்கள். பிறகு ஒரு சின்னக் கணக்கு. ஐடிலில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) நிமிடத்துக்கு 750 சுற்று என்றால், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு நொடிக்குப் பன்னிரண்டரை முறை சுற்றும். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு அதில் பாதி, ஆறேகால். ஒரு வால்விலிருந்து வரும் தட்டல் அந்தப் பாதிக் கணக்கில் வரும், காதால் பிரித்துக் கேட்கலாம். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தட்டல் கிராங்கின் கணக்கில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால், தேட வேண்டியது ஹெட்டிலா அடியிலா என்பது தெரிந்துவிடும்.

டிக் டிக் என்றதும் டேப்பெட் என்பது

புதிய டர்போ பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பாய்ச்சுபவை. பழைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் அழுத்தம் மூன்று, நான்கு பார் (அழுத்தத்தின் அலகு). இவற்றில் 200 பார், புதியவற்றில் 350 பார் வரை. அந்த அழுத்தத்தைத் தரும் பம்பைக் கேம் ஷாப்டில் உள்ள முகடுகள் தள்ளுகின்றன. நான்கு முகடு இருந்தால் ஐடிலில் நொடிக்கு இருபத்தைந்து இடி. இன்ஜெக்டர்களும் தம் பங்குக்குத் தட்டும். கம்பெனிக்கு இது தெரியும். மேலே பஞ்சு ஒட்டிய கவரை மாட்டி அனுப்புவது அதற்காகத்தான். யாரோ ஒருவர் அந்தக் கவரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) அடிக்கிறது என்று வண்டியைக் கொண்டுவருவார். பையனும் வால்வு கவரைத் திறந்து பார்ப்பான். உள்ளே செட்டிங் செய்ய ஒன்றும் இருக்காது. பெரும்பாலானவற்றில் ஆயிலால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் அட்ஜஸ்டர்தான்.

மெக்கானிக்குகளுக்கான ஸ்டெதஸ்கோப்பின் கம்பியைப் பம்பின் மேல் வைத்துப் பாருங்கள். அது இல்லையென்றால் நீளமான ஸ்குரூடிரைவர் போதும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் கேட்கும் கரடுமுரடான ஓசைக்கும் பயப்பட வேண்டாம். புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்காகச் சுற்றைக் கூட்டி, தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது கம்ப்யூட்டர்.

சூடான வண்டியை மட்டும் கேட்பது

பொள்ளாச்சியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த வண்டியில் காலைச் சத்தத்தைத் தேடி என்ன பயன்? பிஸ்டன் சுவரில் தட்டும் சத்தம், எக்ஸாஸ்ட் மேனிபோல்டு கசியும் டிக் டிக், கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயினின் கலகலப்பு எல்லாம் உலோகம் சூடேறி விரிந்ததும் அல்லது ஆயில் ஏறியதும் ஒளிந்துகொள்ளும். இரவு வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். காலையில் நீங்களே முதல் ஸ்டார்ட் செய்யுங்கள். மறுக்கிற வண்டிக்காரரிடம் மதிப்பீடு சொல்லாதீர்கள்.

கனமான ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்குவது

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஈரோட்டிலிருந்து பாலக்காட்டு எல்லை வரை இந்த வைத்தியம் நடக்கிறது. சத்தமா? "ஆயில் தண்ணீராக இருக்கிறது, நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது" என்று சொல்லி, 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலைக் கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 என்ற கன ஆயிலை ஊற்றிவிடுவார்கள். சத்தமும் குறையும். வைத்தியர் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்குவார்.

முதலில் அந்த வெயில் கதை. எஞ்சின் சூடேறிய பிறகு உள்ளே உள்ள வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது. வெளியே கரூர் கத்திரி வெயிலாக இருந்தாலும் ஊட்டிக் குளிராக இருந்தாலும் கூலன்ட் ஏறக்குறைய 90 முதல் 105 டிகிரியில்தான் நிற்கும். சூடான நாடுகளுக்கு வேறு தரம் தேவை என்றால் அதை வண்டியின் கையேடே சொல்லும். சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் நீங்களாகக் கண்டுபிடிக்காதீர்கள்.

அடுத்து, எவ்வளவு கனம் என்பது. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் தரப்படி 100 டிகிரி செல்சியஸில் 20 எண் (டபிள்யூவுக்குப் பின் வரும் எண்) ஆயிலின் பாகுநிலை 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் வரை. 50 எண்ணுக்கு 16.3 முதல் 21.9 வரை. இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. அதுவும் சூட்டில். காலைக் குளிரில் வித்தியாசம் இன்னும் பெரிது. மெல்லிய ஆயிலுக்காகவே வைக்கப்பட்ட குறுகலான வழிகளில் அது ஊர்ந்து போவதற்குள் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், ஆயில் அழுத்தத்தால் வால்வு டைமிங்கைத் திருப்பும் கேம் பேசரும், நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடிய டர்போவின் பேரிங்கும் காத்துக்கொண்டிருக்கும். பிரஷர் கேஜில் முள் மேலே நிற்கிறதே என்று வாதாடுபவர்கள் உண்டு. முள் காட்டுவது அழுத்தம். கனமான ஆயில் போக வழியின்றி முட்டுவதாலும் அழுத்தம் ஏறும். அளவை மீறினால் ரிலீப் வால்வு திறந்து ஆயிலைத் திருப்பி அனுப்பும். பேரிங்குக்கு வேண்டியது ஓட்டம்.

இனி திருப்பூரிலிருந்து வந்த ஒரு வண்டியின் கதைக்கு வருகிறேன். இரண்டு லிட்டர் டர்போ செடான். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. காலை ஸ்டார்ட்டில் இரண்டு நொடி செயின் கலகலக்கும், பிறகு அடங்கிவிடும். வேறொரு பட்டறையில் கன ஆயில் ஊற்றினார்கள், கலகலப்பு நின்றது. பிரேக் பேட் மாற்ற என்னிடம் வந்தபோது வண்டிக்காரத் தம்பி பானெட்டைத் திறந்து, "அண்ணா, இப்போது எவ்வளவு அமைதியாக ஓடுகிறது, கேளுங்கள்" என்று காட்டினார். ஸ்கேனரில் கேம் டைமிங் மெதுவாகத் திரும்புகிறது என்று ஒரு கோளாறுக் குறியீடு (எரர் கோடு) கிடந்தது. ஆயிலை மாற்றி, டைமிங் கவரைத் திறந்து பார்த்துவிடலாம் தம்பி என்றேன். சத்தமே இல்லாதபோது எதற்கு என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த முறை பெருந்துறைப் பக்கத்திலிருந்து ரெக்கவரி வண்டியின் மேல் வந்தது. பிரித்தோம். பழைய குற்றவாளி டென்ஷனர். அது தளர்ந்து, செயின் ஆடி ஆடி, அதை வழிநடத்தும் பிளாஸ்டிக் கைடை உடைத்திருந்தது. உடைந்த துண்டுகள் ஆயில் சேம்பரில் விழுந்து, பம்பின் வாயில் உள்ள சல்லடையை அடைத்திருந்தன. ஆயில் ஏறவில்லை. ராடு பேரிங்குகள் கருகித் திரும்பியிருந்தன, கிராங்கும் போயிற்று. முதல் கலகலப்பிலேயே பார்த்திருந்தால் டென்ஷனர், கைடு, செயினோடு முடிந்திருக்கும். எஞ்சின் கொடுத்த எச்சரிக்கை அந்த இரண்டு நொடிதான். அதை வாயை மூடவைத்தாகிவிட்டது. இதில் எனக்கு இன்னும் எரிச்சல் தருவது செலவுகூட அல்ல. கன ஆயில் ஊற்றியவர் நல்ல மெக்கானிக், வண்டிதான் சரியில்லை என்று அந்தக் குடும்பம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கன ஆயிலால் இன்னொரு தொல்லை: அடுத்து வருபவரின் சோதனையையும் அது கெடுத்துவிடும். ராடு தட்டுகிறதா என்று பார்க்க, ஸ்கேனர் வழியாக ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்துவோம். எந்த சிலிண்டரை நிறுத்தும்போது தட்டல் மெலிகிறதோ அங்கேதான் கோளாறு. தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலின் ஒயரைப் பிடுங்கி இதைச் செய்யாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போகும். பேரிங் இடைவெளியைக் கன ஆயில் மெத்தை போட்டு நிரப்பியிருந்தால் இந்த வித்தியாசம் கேட்காது. ஆகவே அப்படி வந்த வண்டியில் முதலில் சரியான ஆயிலை ஊற்றி, பழைய சத்தத்தைத் திரும்ப வரவழையுங்கள். சத்தம் கூடிவிட்டது என்று வண்டிக்காரர் முகம் சுளிப்பார். முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

கழற்றிய பில்டரைத் தூக்கி எறியாமல் அறுத்துப் பிரித்து, காகித மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். பேரிங்கில் உள்ள அலுமினியமும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது. செம்பு மினுமினுப்பு இல்லாவிட்டாலும் நிம்மதி வேண்டாம். அலுமினியப் பேரிங் வெள்ளையாகத்தான் உதிரும்.

காலைக் கலகலப்புக்கு நான் பார்க்கும் வரிசை: பில்டர் சரியான ரகமா, அதில் ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இருக்கிறதா; ஆயில் தரம்; ஸ்கேனரில் கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள பொருத்தம்; கடைசியில் டென்ஷனர் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது. விலை மலிந்த பில்டரோடு கதை முடிந்துபோன வண்டிகளும் உண்டு.

மலை ஏற்றத்தில் தட்டினால் பெட்ரோலை மட்டும் திட்டுவது

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளிலும் ஒரே பழக்கம்: வளைவு முடிந்ததும் கியரைக் குறைக்காமல், 1500 சுற்றில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிப்பது. டர்போவும் நேரடி இன்ஜெக்‌ஷனும் சேர்ந்த எஞ்சினில் அந்த நிலையில், தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி போதும். சத்தம் சிலிர்ப்பாக இருக்காது, ஒன்றிரண்டு கனத்த அடியாக இருக்கும். பிஸ்டனின் ரிங் பள்ளமே உடையலாம். பெட்ரோல் மூடியில் எழுதியுள்ள ஆக்டேனைப் போடுங்கள், சரிதான். கூடவே கியரைக் குறையுங்கள், ஆயில் டின்னில் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்று இருக்கிறதா பாருங்கள். இந்தக் கோளாறுக்கான சோதனையோடு 2020-இல் வந்த தரம் அது.

வாட்ஸ்அப்பில் வந்த சத்தத்துக்கு மருந்து சொல்வது

போன் மைக் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் தானே சமப்படுத்திவிடும், அடிக்குரலை விழுங்கிவிடும். எது பெரிய சத்தம் என்பதே அதில் தெரியாது.

அடித்தட்டை மறப்பது

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிவிட்டு வந்த வண்டியா? எஞ்சினைத் தொடுமுன், வண்டிக்கு அடியில் மாட்டியிருக்கும் அடித்தட்டின் ஸ்குரூக்களையும் ஹீட் ஷீல்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள்.

பெல்ட்டைக் கழற்றிப் பார்க்காதது

பெல்ட்டில் ஓடும் ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரசர் இரண்டும் எஞ்சின் போலவே கத்தும். பெல்ட்டைக் கழற்றிச் சற்று ஓட்டினால் சத்தம் அவற்றுடையதா என்பது தெரியும். தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில் என்றால் அரை நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

வாரண்டி உள்ள வண்டியைத் திறப்பது

கூடாது.

கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டுத் தேடுவது

கோளாறு வந்த நொடியில் சுற்று எவ்வளவு, சூடு எவ்வளவு, சுமை எவ்வளவு என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். அழித்தால் அந்தக் குறிப்பும் போய்விடும். அழிப்பதற்கு முன் திரையைப் படமெடுத்து ஜாப் கார்டோடு சேர்த்து வையுங்கள்.