பிரிட்டனில் முதல் ஃபுட்பால் பெட்: கட்டுவதற்கு முன் ஆட்ஸைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கிலாந்துக்குப் புதிதாகப் படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவன் போன சனிக்கிழமை கூப்பிட்டான். "அண்ணா, இன்னைக்கு மேட்ச்ல யார் மேல கட்டலாம்?" போனிலேயே கணக்கு ஆரம்பித்து இருபது பவுண்டும் போட்டு வைத்திருந்தான். திரையில் அணியின் பெயருக்குப் பக்கத்தில் ஆட்ஸ், அதாவது பெட்டின் விலை, 2.10 என்று இருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். தெரியவில்லை. அன்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது பிரிட்டனில் இருப்பவர்களுக்கான பதிவு. இங்கே 1961 மே மாதத்திலிருந்து பெட்டிங் கடைகள் சட்டப்படி நடக்கின்றன. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இந்தியாவில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-இல் வந்த சட்டம் தடை செய்துவிட்டது. அதனால் அங்கிருந்து படிப்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

படி 1: தொகையை முடிவு செய்யுங்கள்

வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக, முழுதாகப் போனாலும் தூக்கம் கெடாத ஒரு தொகை. மாதத்துக்கு 20 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டுக்கு ஒரு பவுண்டு போதும். கணக்கு ஆரம்பித்த உடனே டெபாசிட் வரம்பையும் அதே தொகைக்கு வைத்துவிடுங்கள். கிரெடிட் கார்டில் கட்ட முடியாது. 2020 ஏப்ரலில் அதைத் தடை செய்துவிட்டார்கள். நல்ல தடை. நண்பரிடம் கடன் வாங்கியும் கட்டாதீர்கள்.

படி 2: உரிமம் பாருங்கள்

தளத்தின் அடிப்பகுதியில், பெட்டிங் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பான கேம்ப்ளிங் கமிஷனின் உரிம எண் இருக்கும். கமிஷனின் தளத்தில் அந்த எண்ணைத் தேடி, பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். உரிமம் உள்ள நிறுவனம் வயதையும் அடையாளத்தையும் சரிபார்த்த பிறகுதான் கட்ட விடும். டெலிகிராமில் "பாஸ்போர்ட் எல்லாம் வேண்டாம்" என்று வரும் இணைப்பைத் தொடவே கூடாது.

படி 3: ஆட்ஸைப் படியுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள். ஒரு மேட்ச்சுக்கு இப்படிப் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: சொந்த மைதான அணி 2.10, டிரா 3.40, வெளியூர் அணி 3.60.

2.10 என்றால், ஒரு பவுண்டு கட்டி ஜெயித்தால் கட்டிய பவுண்டையும் சேர்த்து 2.10 பவுண்டு கைக்கு வரும். லாபம் 1.10. கடையில் இதையே 11/10 என்று எழுதியிருப்பார்கள்: 10 கட்டினால் 11 லாபம். 3.40-க்கு 12/5, 3.60-க்கு 13/5.

அடுத்து 100-ஐ அந்த எண்ணால் வகுங்கள். 100 ÷ 2.10 = 47.6. அதாவது, இந்த அணி நூற்றுக்குச் சுமார் 48 தடவை ஜெயித்தால்தான் இந்த விலையில் உங்களுக்கு நட்டமில்லை. டிராவுக்கு 29.4, வெளியூர் அணிக்கு 27.8. மூன்றையும் கூட்டுங்கள்: 104.8. நடக்கக்கூடியவை எல்லாம் சேர்ந்து 100-தானே வர வேண்டும்? மேலே இருக்கும் 4.8தான் புக்கியின், அதாவது பெட் வாங்கும் நிறுவனத்தின் பங்கு. பெயர் பார்த்துக் கண்ணை மூடிக் கட்டினால், நீண்ட காலத்தில் 100 பவுண்டுக்கு 95 சொச்சம்தான் திரும்பும்.

ஆகவே "யார் ஜெயிப்பார்கள்" என்பதோடு நிறுத்தாமல், "48 தடவைக்கு மேல் ஜெயிப்பார்களா" என்றும் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் அந்த மேட்ச்சை விட்டுவிடுங்கள். நான் பல சனிக்கிழமைகளில் ஒரு பெட்கூடக் கட்டாமல் மேட்ச் மட்டும் பார்த்திருக்கிறேன்.

படி 4: எதன்மேல் கட்டுகிறோம்?

2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கும். கோப்பையைத் தூக்கியது அர்ஜென்டினா. ஆனால் 'மேட்ச் ரிசல்ட்' பிரிவில் அர்ஜென்டினா மேல் கட்டியவர்களுக்குப் பணம் வரவில்லை. 90 நிமிடமும் இஞ்சுரி டைமும் முடிந்தபோது 2-2. அந்தப் பிரிவில் ஜெயித்தது டிரா. எக்ஸ்ட்ரா டைமும் பெனால்டியும் அதில் சேராது. 'கோப்பையை வெல்வது யார்' என்ற பிரிவில் கட்டியிருந்தால் பணம் வந்திருக்கும். பிரிவின் விதியை ஒரு தடவை படித்துவிட்டுக் கட்டுங்கள்.

படி 5: முதல் பெட்

கூச்சமில்லை என்றால் முதல் பெட்டைக் கடையில் போடச் சொல்வேன். சுவரோரம் சின்னப் பேனாவும் ஸ்லிப்பும் இருக்கும். அணியின் பெயர், மேட்ச், தொகை மூன்றையும் கையால் எழுதி, கவுன்டரில் காசோடு கொடுக்க வேண்டும். போனில் இரண்டு தட்டலில் முடிவது, இங்கே எழுத வேண்டியிருப்பதால் ஒரு நிமிடம் யோசிக்க வைக்கிறது. கொடுக்கும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பணம் வாங்க அது வேண்டும்.

ஒரே மேட்ச், ஒரே முடிவு. ஐந்து மேட்ச்சைக் கோத்துக் கட்டும் அக்யுமுலேட்டர் வேண்டாம். நானும் ஆரம்பத்தில் அதில்தான் மயங்கினேன். நாலு அணி ஜெயிக்கும், ஐந்தாவது கடைசி நிமிடத்தில் கோல் வாங்கும். புக்கியின் பங்கு அதில் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் பெருகுகிறது. மேலே சொன்ன கணக்கில் ஐந்தைக் கோத்தால் 100-க்கு 79தான் மிஞ்சும். விளம்பரம் எல்லாம் ஏன் அதற்கே என்று இப்போது புரியும்.

'ஃப்ரீ பெட்' கிடைத்தால் விதியைப் பாருங்கள். பெரும்பாலும் அந்தத் தொகை திரும்பாது. 5 பவுண்டு ஃப்ரீ பெட்டை 3.00-இல் கட்டி ஜெயித்தால் வருவது 10, 15 அல்ல.

படி 6: நோட்டு

ஒரு நோட்டில் தேதி, மேட்ச், வாங்கிய ஆட்ஸ், தொகை, முடிவு எழுதுங்கள். கூடவே ஆட்டம் தொடங்கும் நேரத்து ஆட்ஸையும் எழுதுங்கள். நீங்கள் 2.10-இல் வாங்கியது 1.95-க்கு இறங்கியிருந்தால், தோற்றாலும் நல்ல விலையில் வாங்கியிருக்கிறீர்கள். எப்போதும் 2.30-க்கு ஏறுகிறது என்றால் உங்கள் கணிப்பில் ஏதோ கோளாறு.

தொகை எழுதும் பத்தியை வாரம் ஒரு தடவை மேலிருந்து கீழே பாருங்கள். தோற்ற வரிக்கு அடுத்த வரியில் 1 பவுண்டு 5 ஆகி, 5 என்பது 20 ஆகியிருந்தால் அன்றே கேம்ஸ்டாப்பில் பதிவு செய்யுங்கள். இலவசம்தான். பிரிட்டன் உரிமம் உள்ள எல்லா ஆன்லைன் தளங்களும் ஆறு மாதமோ, ஒரு வருடமோ, ஐந்து வருடமோ உங்களைத் தடுத்து வைக்கும். யாரிடமாவது பேச வேண்டும் என்றால் கேம்கேர் உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. தம்பியிடம் நோட்டு வாங்கும்போதே அதன் முதல் பக்கத்தில் இந்த இரண்டு பெயரையும் எழுத வைத்தேன்.