எவர்நோட்டிலிருந்து ஜொப்ளினுக்கு: எதுவும் தொலையாமல் குறிப்புகளை மாற்ற

எவர்நோட், ஜொப்ளின் இரண்டும் குறிப்பு எழுதிவைக்கும் செயலிகள். முதலில் ஒரு தாள் எடுத்து, எவர்நோட்டில் எந்த நோட்புக்கில் எத்தனை குறிப்புகள் என்று எழுதி வையுங்கள். கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் கைகொடுக்கும்.

அடுத்து, எவர்நோட்டில் பூட்டி வைத்த வரிகளை நிரந்தரமாகத் திறந்துவிடுங்கள். பூட்டியபடியே போனால் ஜொப்ளினால் திறக்க முடியாது. ஒரே தலைப்பில் இரண்டு குறிப்புகள் இருந்தால் ஒன்றின் பெயரை மாற்றுங்கள். எக்ஸ்போர்ட் கோப்பில் குறிப்பின் அடையாள எண் வராது; குறிப்புகளுக்கிடையிலான லிங்குகளைத் தலைப்பை வைத்துத்தான் பொருத்த முடியும்.

கொழும்பில் பலரிடம் பழைய வேர்ட் கோப்புகளிலிருந்து ஒட்டிய பாமினி எழுத்து (ஆங்கிலக் குறிகளைத் தமிழாகக் காட்டும் பழைய எழுத்துரு) இன்னும் கிடக்கிறது. இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். பாமினியில் ‘அம்மா’ என்று தெரிவது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். ஜொப்ளின் குறிப்புகளை வைக்கும் எளிய எழுத்து வடிவமான மார்க்டவுனில் எழுத்துரு விவரம் போய்விடும். அந்தக் குறிகள் மட்டும் மிஞ்சும். தமிழில் தேடினாலும் அகப்படாது. எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

இனி கணினிச் செயலியில் சிங்க் முடியும்வரை பொறுத்து, நோட்புக்கில் ரைட் கிளிக் செய்து ஈநெக்ஸ் கோப்பாக (எவர்நோட்டின் எக்ஸ்போர்ட் வடிவம்) எடுங்கள். ஒவ்வொரு நோட்புக்கையும் தனித்தனியாக எடுப்பது அவசியம். டேக், திகதி எல்லாம் கோப்புக்குள் போகும், நோட்புக்கின் பெயர் போகாது. கோப்புக்கு என்ன பெயர் வைக்கிறீர்களோ, அதையே ஜொப்ளின் நோட்புக்கின் பெயராக்கும். டிஸ்க்கில் இடமும் பாருங்கள்: படம், பிடிஎஃப் எல்லாம் எழுத்தாக மாற்றப்படுவதால் 300 எம்பி இணைப்புகள் சுமார் 400 எம்பி ஆகும்.

ஜொப்ளினில் ஃபைல், இம்போர்ட் போய் மார்க்டவுன் வகையைத் தெரிவுசெய்யுங்கள். கட்டங்களை இணைத்த அட்டவணைகள் நிறைய இருக்கும் நோட்புக்குக்கு எச்டிஎம்எல் வகைதான் நல்லது. மார்க்டவுனில் அவை குலைந்துவிடும். முடிந்ததும் தாளிலுள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். வெள்ளவத்தை வீட்டு வாடகை ஒப்பந்தம் போன்ற பெரிய பிடிஎஃப் ஒன்றைத் திறந்து கடைசிப் பக்கம்வரை பாருங்கள்.

ஜொப்ளினில் என்கிரிப்ஷன் (மற்றவர் படிக்க முடியாதபடி குறிப்புகளைப் பூட்டுவது) வேண்டுமென்றால் முதல் சிங்குக்கு முன்பே போடுங்கள். பிறகு போட்டால் எல்லாம் மறுபடி அப்லோட் ஆகும். போன் டேட்டாவில் இதைச் செய்யாதீர்கள், வீட்டு ஃபைபரிலோ இரவு டேட்டாவிலோ விடுங்கள். ஈநெக்ஸ் கோப்புகள் ஒரு பென்டிரைவில் இருக்கட்டும். பழைய கணக்கை ஒரு மாதமாவது மூட வேண்டாம்.