சிப் பின்னின் மின்னழுத்தத் திருத்தம்: கர்னல் பேட்ச்சைச் சரிபார்ப்பது எப்படி?

லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி), சிப்பின் பின்களை, அதாவது இணைப்புக் கால்களை, அமைக்கும் நிரல் பின்-கன்ட்ரோல் டிரைவர். அதற்கு வரும் மின்னழுத்தத் திருத்தம் (பேட்ச்) பல நேரம் இரண்டு மூன்று வரிதான். ஒரு பிட் எண் மாறியிருக்கும். சின்னதாக இருப்பதால்தான் தவறு நழுவுகிறது.

படி 1: கமிட் செய்தி, அதாவது பேட்ச்சோடு வரும் விளக்கம். எந்தப் பின், எந்த ரெஜிஸ்டர் (சிப்பின் அமைப்பு பிட்கள் இருக்கும் இடம்), பிழையால் என்ன கெட்டது என்று எழுதியிருக்க வேண்டும். 'ஃபிக்ஸஸ்' வரியில், பிழையைக் கொண்டுவந்த பழைய கமிட்டின் ஹாஷில் (அடையாளக் குறியில்) முதல் 12 எழுத்தும் அதன் தலைப்பும் இருக்கட்டும்.

படி 2: வன்பொருள் கையேடு. பழைய குறியீட்டோடு ஒப்பிடாதீர்கள். கையேட்டின் பிட் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். நடுவில் பயன்படாத பிட்கள் இருந்தால், பின் எண்ணிலிருந்து கழித்துப் பிட்டைக் கண்டுபிடிக்கும் கணக்கு அதற்குப் பிறகு முழுவதும் தள்ளிப்போகும். 1 என்றால் 3.3 வோல்ட்டா, 1.8-ஆ? இது சிப்புக்குச் சிப் மாறும்.

படி 3: ரெஜிஸ்டரில் எழுதும் பகுதி. டிவைஸ் ட்ரீயின் (வன்பொருளை விவரிக்கும் கோப்பின்) 'பவர்-சோர்ஸ்' மதிப்புக்குப் பொது அலகு கிடையாது. ரெனசாஸ் டிரைவர்களில் அது மில்லிவோல்ட். குவால்காம் பிஎம்ஐசி ஜிபிஐஓவில் (மின் மேலாண்மைச் சிப்பின் பொதுப் பின்களில்) வெறும் தெரிவு எண். '3300 என்றால் பிட்டை ஏற்று, இல்லாவிட்டால் இறக்கு' என்று மட்டும் எழுதியிருந்தால் 2500 கொடுத்தவருக்கும் சத்தமில்லாமல் 1.8 போய்விடும். ஏற்காத மதிப்புக்கு 'ஈஇன்வேல்' (EINVAL, செல்லாத மதிப்பு) பிழை திரும்ப வேண்டும். ஒரே ரெஜிஸ்டரைப் பல பின்கள் பகிர்வதால், படித்து மாற்றி எழுதுவது முழுவதும் லாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒருவரே தொடும்படி காக்கும் பூட்டுக்குள்) நடக்க வேண்டும்.

படி 4: படிக்கும் பகுதி. பெரிய பொறி இங்கேதான். எழுதுவதும் படிப்பதும் ஒரே அட்டவணையைப் பார்த்தால், பிட் தவறாக இருந்தாலும் இரண்டும் ஒத்துப்போகும். டீபக்எஃப்எஸ் (கர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்புகள்) 1800 என்றே காட்டும். அதைச் சான்றாக ஏற்காதீர்கள். ரெஜிஸ்டர் முகவரியை நேரடியாகப் படித்துக் கையேட்டோடு பொருத்துங்கள். மல்டிமீட்டரும் எப்போதும் உதவாது: சில சிப்களில் இந்தப் பிட் அழுத்தத்தை உண்டாக்காது, பின்னின் உள்சுற்றை அதற்குத் தயார்ப்படுத்தும், அவ்வளவே. அழுத்தம் தருவது ரெகுலேட்டர். எஸ்டி கார்டு 3.3-இல் தொடங்கி 1.8-க்கு இறங்கும்போது பிட்டும் ரெகுலேட்டரும் சேர்ந்து மாறுகின்றனவா என்று சோதியுங்கள்.

படி 5: சஸ்பெண்ட், அதாவது கணினியை உறங்க வைப்பது. பேட்ச் புது ரெஜிஸ்டரைச் சேர்த்தால், அது சேமித்து மீட்கும் பட்டியலிலும் இருக்க வேண்டும். விடுபட்டால் சில சிப்களில் கணினி விழித்தபின் பழைய பிழையே திரும்பும்.

எல்லாம் சரியென்றால் 'ரிவ்யூட்-பை' (ஆய்ந்து பார்த்தேன் என்னும் வரி) கொடுங்கள். கம்பைல் செய்து பார்த்ததற்கெல்லாம் 'டெஸ்டட்-பை' தரக் கூடாது. அது பலகையில் ஓட்டிப் பார்த்தவருக்கு உரியது.