டெஸ்ட் எல்லாம் பச்சை, லைவில் எரர்: ஜாங்கோ புராஜெக்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த இருவர் ஜாங்கோ (பைத்தானில் வெப்சைட் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்) புராஜெக்டுக்கு எழுதிய டெஸ்ட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில வருஷங்களுக்கு முன் நான் செய்த அதே தவறுகள். டெஸ்டுக்குப் புரியும்படி பெயர் வைப்பது, ஒரு டெஸ்டில் ஒன்றை மட்டும் சோதிப்பது எல்லாம் எந்த டுடோரியலிலும் இருக்கும். அடிபட்ட பிறகே தெரியவருகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

டெஸ்டுக்கு ஒரு டேட்டாபேஸ், லைவுக்கு வேறொன்று

இதை இப்போது பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. லைவில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடும். டெஸ்டுக்கு மட்டும் செட்டிங்ஸில் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸுக்கு மாற்றிவிடுவார்கள். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், மெமரியிலேயே ஓடும், வேகமாக முடியும். நானும் அதற்காகத்தான் மாற்றினேன்.

ஒரு கடைக்கு வாடிக்கையாளர் பட்டியலை எக்செல்லிலிருந்து ஏற்றும் வசதி செய்தோம். மொபைல் எண் ஃபீல்டுக்கு நீளம் 10. ஆனால் எக்செல்லில் சில எண்கள் +91 சேர்த்து 13 எழுத்தாக இருந்தன. டெஸ்டுக்கான மாதிரி ஃபைலிலும் அப்படி ஒரு எண் இருந்தது. எஸ்க்யூலைட் அந்த நீளத்தைக் கண்டுகொள்ளாது, 13 எழுத்தையும் அப்படியே வாங்கிக்கொள்ளும். ஜாங்கோவும் சேவ் செய்யும்போது நீளத்தைச் சரிபார்க்காது. அது ஃபார்ம் வழியாக வந்தாலோ, நாமே ஃபுல்_கிளீன் என்ற சரிபார்க்கும் மெத்தடை அழைத்தாலோதான் நடக்கும். டெஸ்ட் பாஸ்.

லைவில் போஸ்ட்கிரெஸ் முதல் நீளமான எண்ணிலேயே எரர் கொடுத்தது. எல்லாம் ஒரே டிரான்சாக்‌ஷன் என்பதால் அதுவரை ஏறிய வரிகளும் ரோல்பேக் ஆகி இல்லாமல் போய்விட்டன. அடுத்த நாள் காலையில் கடை திறக்க வேண்டும். விடிய விடிய உட்கார்ந்து சரிசெய்தோம். எங்களை நம்பி அந்தக் கடைக்காரரும் தூங்காமல் போனோடு காத்திருந்தார். அதுதான் இன்னும் மனதில் நிற்கிறது.

நீளம் மட்டுமல்ல. எஸ்க்யூலைட்டில் கன்டெய்ன்ஸ் தேடல் (கேட்ட எழுத்துகள் உள்ளே இருக்கின்றனவா என்று பார்ப்பது) ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காது. போஸ்ட்கிரெஸ் பார்க்கும். டெஸ்டில் கிடைத்த பெயர் லைவில் கிடைக்காது.

அதனால் டெஸ்டுக்கும் டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல ஓட்டும் டூல்) லைவில் இருக்கும் அதே வெர்ஷன் போஸ்ட்கிரெஸை ஏற்றுங்கள். டெஸ்டைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸிலும் அதையே சர்வீஸாகச் சேர்க்கலாம். ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸை உருவாக்க நேரமாகிறது என்றால் பழையதையே வைத்துக்கொள்ள கீப்டிபி ஆப்ஷன் இருக்கிறது. கொஞ்சம் மெதுவாக ஓடினால் ஓடட்டும்.

நள்ளிரவில் தவறும் தேதி

ஜாங்கோவின் டைம்சோன்.நவ் தருவது யூடிசி நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அதிலிருந்து நேரடியாகத் தேதியை எடுத்தால், நம் ஊரில் இரவு 12 முதல் காலை 5.30 வரை நேற்றைய தேதிதான் வரும். பகலில் ஓடும் டெஸ்டில் இது சிக்கவே சிக்காது. செட்டிங்ஸில் உள்ள டைம்சோனின் தேதியைத் தரும் லோக்கல்டேட் பயன்படுத்துங்கள். அப்புறம், ஃப்ரீஸ்கன் லைப்ரரி வைத்து நேரத்தை நம் ஊர் நேரப்படி அதிகாலை 2 மணியில் நிறுத்தியும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள்.

நிஜமாகவே போகும் எஸ்எம்எஸ்

டெஸ்ட் ஓடும்போது ஜாங்கோ மெயிலை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். எஸ்எம்எஸ், பேமென்ட் கேட்வேயை அது தடுக்காது. நீங்கள்தான் மாக் செய்ய வேண்டும், அதாவது அதன் இடத்தில் போலி ஒன்றை வைக்க வேண்டும்.

ஸ்லீப் 5

பட்டன் வரட்டும் என்று டெஸ்டை 5 விநாடி தூங்கவைப்பது வேண்டாம். பட்டன் தயாராகும்வரை பிரவுசர் டெஸ்ட் டூலான பிளேரைட் தானாகவே காத்திருக்கும்.

டெஸ்டின் வரிசையை நம்புவது

ஒரு டெஸ்ட் இன்னொன்று முன்னால் ஓடியிருக்கும் என்று நம்பியிருக்கிறதா? வரிசையைக் கலைக்கும் ஷஃபிள் ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.